ஜூன் வருவதற்குள்: பை, சைக்கிள், புளிக்காய்ச்சல், ஒரு காலை ஒத்திகை

கத்திரி வெயில் முடிகிற வாரத்தில்தான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வேலை மும்முரமாகும். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவன் மூன்றாம் வகுப்புக்கு. அவளுக்கு அரசு உதவி பெறும் பள்ளி, சைக்கிளில் போகிற தூரம். அவனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே மாநகராட்சிப் பள்ளி. வீட்டுக்காரருக்கு ஷிப்டு வேலை. நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது. காலையில் மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. ஐந்து பேருக்கு ஒரு குளியலறை, ஒரு இரட்டை அடுப்பு. பள்ளி திறந்தால் மாறுவது பிள்ளைகளின் நாள் மட்டும் இல்லை, இந்த ஐந்து பேரின் காலையும்தான். புதுப் பையும் புது டப்பாவும் வாங்கிவிட்டால் எல்லாம் தயார் என்று நான் நினைப்பதில்லை. காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை வீடு எப்படி ஓடப்போகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்த வருடம் மே மாதத்தில் அதற்காக என்னென்ன செய்தோம் என்று எழுதி வைக்கிறேன்.

வெயில் காரணமாகத் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. 2023இல் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, தொடக்கப் பள்ளிக்கு ஜூன் 14 என்று போனது. 2024இல் ஜூன் 10. அந்தச் செய்தி வரும் என்று காத்திருந்தால் ஒரு வேலையும் ஆகாது. மே கடைசி ஞாயிறுதான் எங்களுக்குக் கெடு.

முதல் வேலையாகப் போன வருடச் சாமான் எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டினோம். பை, டப்பா, தண்ணீர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ், பாதி எழுதிய நோட்டு, ஒற்றைச் சாக்ஸ் என்று எல்லாமே. சரியாக இருப்பது, கை வைத்தால் சரியாவது, இனி ஆகாதது என்று பிள்ளைகளே பிரித்தார்கள். ஒரே ஒரு விதி உண்டு: எதில் கை வைக்க வேண்டுமோ அதில் பிள்ளைகள்தான் கை வைக்க வேண்டும், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வோம். நேரம் இரட்டிப்பாகும்தான். ஆனால் ஆகஸ்டில் ஏதாவது பிய்ந்தால் "அம்மா, இது போச்சு" என்று தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

பாதி எழுதிய நோட்டுகளிலிருந்து ஆரம்பித்தோம். நடுவில் இருக்கிற பின்னை நிமிர்த்தி எடுத்தால் தாள்கள் இரட்டை இரட்டையாக வந்துவிடும். இரண்டு பக்கமும் எழுதாத தாள்களை மட்டும் சேர்த்து, ஓரம் சமமாக வரும்படி தட்டி, நடு மடிப்பில் மூன்று துளை போட்டுக் கோணி ஊசியால் தைத்தால் ரஃப் நோட்டு தயார். நடுத்துளையில் உள்ளிருந்து தொடங்கி, மேல் துளை, கீழ் துளை என்று போய், மறுபடி நடுத்துளைக்கே வந்து முடிச்சுப் போட வேண்டும். அப்போதுதான் நூல் தளராது. முப்பது தாளுக்கு மேல் வைத்தால் நோட்டு மூடாமல் விரிந்தே நிற்கும், அதனால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சின்னவனுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. மேலட்டைக்குப் பழைய தினசரி நாள்காட்டியின் அட்டையை வெட்டிப் போட்டான்.

அடுத்து பை. அவன் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசே கொடுத்துவிடுகிறது. ஆனாலும் புதுப்பை கைக்கு வருகிற நாள் வரை பழையது ஓட வேண்டும். மகளுடைய பை துணியில் நன்றாகவே இருந்தது. ஜிப் மட்டும் மூடிய கையோடு பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தது.

இந்தக் கோளாறுக்காகவே நல்ல பைகளைத் தூக்கிப் போடுகிறார்கள், மனசு ஆறுவதில்லை. பல் உடைந்திருந்தால்தான் ஜிப்பை மாற்ற வேண்டும். பல் எல்லாம் ஒழுங்காக இருந்தும் பிளந்தால் கோளாறு, ஜிப்பை இழுத்து ஓட்டுகிற ரன்னரில். ரன்னரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தகடு இருக்கும். நாள்பட இழுக்க இழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அகன்றுபோய், பற்களை அழுத்திக் கோர்க்கப் பிடி இல்லாமல் ஆகிவிடும். ரன்னரை ஜிப் திறக்கிற முனைக்குக் கொண்டுபோய், அதன் பின்பக்க ஓரத்தைக் குறடால் லேசாக அமுக்க வேண்டும். ஒரு பக்கம் அமுக்கி, அதே அளவு மறுபக்கம். ஒரே அமுக்கில் முடித்துவிடக் கூடாது. ரன்னர் பெரும்பாலும் வார்ப்பு உலோகம், வளைவதை விட உடைவதுதான் அதிகம். கொஞ்சம் அமுக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். மகள் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தாள். பல் சரியாகக் கோர்க்கும்போது வருகிற சரசர சத்தம் மாறுவது நன்றாகவே கேட்கிறது. கடைசியில் மெழுகுவர்த்தியைப் பற்கள் மேல் தேய்த்து ஓட்டினோம், வழுக்கிக்கொண்டு போகிறது.

சின்னவன் பையில் ரன்னரே தேய்ந்துவிட்டது. அதற்குப் புதிது போட வேண்டியதுதான். ரன்னரின் அடியில் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும், அதுதான் அளவு. பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தையல் சாமான் கடையில் காட்டினால் குழப்பமே இல்லை. போடுவதற்கு ஜிப் முடிகிற இடத்தில் ஓரத் தையலை இரண்டு அங்குலம் பிரித்து, இரண்டு பக்க நுனியையும் ஒரே மட்டத்தில் கத்தரிக்க வேண்டும். முள்கரண்டியின் காம்பை ஒருவர் பிடித்துக்கொள்ள, ரன்னரை அதன் பற்களில் செருகி நிறுத்தினால் அது ஆடாது. இரண்டு நுனியையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டு இழுக்கலாம். ஒரு பக்கம் ஒரு பல் முந்திப் போனாலும் பை கோணலாகத்தான் மூடும், திரும்ப எடுத்து விட வேண்டும். சரியாக ஏறியதும் பிரித்த ஓரத்தைத் தைத்துவிட்டோம்.

தோள் வார் பையோடு சேருகிற இடம்தான் எப்போதும் முதலில் பிய்யும். அங்கே நைலான் நூலால் முதலில் சதுரமாக நான்கு பக்கமும், அப்புறம் உள்ளே மூலைக்கு மூலை பெருக்கல் குறியாகவும் தைக்க வேண்டும். ஒரே கோட்டில் தைத்தால் மொத்த எடையும் ஓரத்துத் தையலில் தொங்கும். அது அறுந்ததும் மற்றதெல்லாம் வரிசையாகப் பிரிந்து வரும். பிய்ந்த பிறகு தைப்பதை விட, மே மாதத்திலேயே பழைய தையல் மேல் ஒரு சுற்று ஓட்டிவிடுவது மேல்.

பையைச் சரிசெய்த கையோடு எடை போட்டோம். 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. சின்னவன் எடை 24 கிலோ. அப்படியானால் அவன் பை 2 கிலோ 400 கிராமுக்குள் அடங்க வேண்டும். முதலில் அவன் மட்டும், அப்புறம் பையோடு என்று எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கனம் புத்தகத்தில் இல்லை, தண்ணீரில். முக்கால் லிட்டர் பிடிக்கிற ஸ்டீல் பாட்டிலை நிரப்பினால் அதுவே ஒரு கிலோவுக்கு வந்துவிடுகிறது. அவன் பள்ளியில் நல்ல குடிநீர் இருக்கிறது. அரை லிட்டர் பாட்டிலுக்கு மாற்றி, மதியம் அங்கேயே நிரப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டோம். மகளுக்கு அப்படி முடியாது, பெரிய பாட்டில்தான். அவளுடைய பையில் கனமான புத்தகங்களை முதுகை ஒட்டிய அறைக்கு மாற்றி, பை இடுப்புக்குக் கீழே இறங்காதபடி வாரைச் சுருக்கினோம்.

பாட்டில் என்றதும் சொல்ல வேண்டியது வாஷர். கோடை முழுக்க மூடி வைத்திருந்த பாட்டிலில் ஒரு வாடை வரும். பாட்டிலை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தில் தங்கியிருக்கும். ஊக்கு நுனியால் கிளப்பி எடுத்துப் பாருங்கள், அடியில் கறுப்பாக இருக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்டினோம். சாப்பாட்டு டப்பாக்களின் வளையத்துக்கும் இதே வைத்தியம்.

சீருடையில் அவனுக்கு இடுப்பைப் பிடிப்பதும், அவளுக்குக் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்குவதும் வேலை. அரசு தருகிற சீருடை வளருகிற பிள்ளைக்கு என்று தாராளமாகவே இருக்கும். டவுசர் இடுப்புப் பட்டிக்குள் எலாஸ்டிக் கோத்து இரண்டு ஓரத்திலும் தைத்துவிட்டால் துணியை வெட்டவே வேண்டாம், அடுத்த வருடம் பிரித்துவிடலாம். மகளுக்குப் போன வருடம் துணி எடுத்தபோதே தையல்காரரிடம் உள்ளே மூன்று அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லியிருந்தேன். அதைப் பிரித்து இறக்கியதும் பழைய மடிப்பு ஒரு வெளிறிய கோடாகத் தெரிந்தது. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, ஒரு வெள்ளைத் துணியை அதில் நனைத்து, கோட்டின் மேல் விரித்து அயர்ன் செய்தால் மடிப்புத் தடம் போய்விடும். வெயிலில் வெளுத்த நிறம் மட்டும் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் அதே நிற நூலால் ஒரு ஓட்டம் தையல் ஓட்டிவிட்டேன், அழகுக்குப் போட்டது மாதிரி இருக்கிறது. கூடுதலாக ஒரு செட்டுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் போய்த் துணி எடுத்தோம். தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும்.

காலணிக்கு அளவு எடுப்பது சாயங்காலம்தான், பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். செய்தித்தாள் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அதை வெட்டிப் பழைய ஷூவுக்குள் போட்டுப் பாருங்கள். தாள் மடங்கினால் ஷூ சின்னதாகிவிட்டது. மடங்காமல், முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் மிச்சம் இருந்தால் இன்னும் ஓடும். மகளுக்கு மடங்கியது. அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போய்ப் புது ஷூ வாங்கினோம்.

சைக்கிள் அப்பாவும் மகளும் சேர்ந்து பார்த்த வேலை. மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டு பிரேக்கிலிருந்து ஆரம்பித்தார்கள். பிரேக் கட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கட்டை ரிம்மில் முழுசாகப் படிய வேண்டும், டயரில் உரசக் கூடாது. உரசினால் டயரைத் தின்றுவிடும். கட்டையை மாற்றி, நட்டை முழுக்க முடுக்குவதற்கு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே முடுக்கினாள், அப்போது அது தானாகவே நேராக உட்கார்ந்துகொள்கிறது. செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றச் சுற்ற அழுக்கு கட்டி கட்டியாக வந்தது. துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய். அப்புறம் வெளியே இருக்கிற எண்ணெயைத் துடைத்தே ஆக வேண்டும். எண்ணெய் வேண்டியது கண்ணிக்குள். வெளியே வழிந்தால் எங்கள் ஊர்ப் புழுதி எல்லாம் அதில் ஒட்டி, செயினையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும்.

பஞ்சர் ஒட்டுவதை அவளே செய்தாள். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பேனாவால் குறித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி... இங்கேதான் எல்லாரும் அவசரப்படுவார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் ஒட்டு நிற்காது. விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம்தான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். டியூபை உள்ளே போடுவதற்கு முன்னால் டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அவர். ஓர் இடத்தில் துணி மாட்டியது. சீமைக்கருவேல முள், வெளியே தலையே தெரியவில்லை. அதை எடுக்காமல் விட்டிருந்தால் ஒட்டிய மறுநாளே மறுபடி காற்று இறங்கியிருக்கும். அந்த முள்ளைத் தீப்பெட்டிக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பின்சக்கரத்தில் கோட்டம் இருந்தது. அதை மட்டும் வீட்டில் தொடாமல் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். ஸ்போக்கை ஒரு பக்கம் முடுக்கினால் இன்னொரு பக்கம் இழுக்கும், பழகிய கை வேண்டும். சீட்டை உயர்த்திய அளவு இது: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். துப்பட்டா பறக்காமல் இரண்டு பக்கமும் ஊக்கு. அப்புறம் அவள் போகிற பாதையிலேயே, போகிற நேரத்திலேயே அப்பாவும் மகளும் ஒரு நடை போய் வந்தார்கள். எந்தத் திருப்பத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது என்று அவளே முடிவு செய்தாள்.

கண். இதை யாரும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடத்தின் ஒரு கோடியில் தினசரி நாள்காட்டியைத் தொங்கவிட்டு, மறுகோடியில் பிள்ளையை நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மறு கண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். பிள்ளைக்கே தெரியாது, சொல்லவும் சொல்லாது. மகள் இடது கண்ணால் ராகு காலம் வரியைப் படிக்கத் திணறினாள். மதுரையில் இருக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரில் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கரும்பலகையில் பார்க்க முடியாமல் தவித்த பிறகு தெரிந்துகொள்வதை விட, மே மாதத்தில் தெரிந்தது எவ்வளவோ நல்லது.

சான்றிதழ் வேலை சுருக்கமாக முடிந்தது. சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது. வருமானச் சான்றிதழ் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், உதவித்தொகைக்குக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். மகளுக்கு 15 வயதாகும்போது ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதத்தைக் குறித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன். பேன் பார்க்கிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் ஒரு தடவை சீப்புப் போட்டால் போதாது. அடுத்த வாரமும் "வாத்தா இப்படி" என்று பேத்தியைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

சாப்பாட்டு ஏற்பாட்டில் எங்களுக்குப் பெரிய ஆறுதல், சின்னவனுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு. அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எங்கள் ஊர் சிம்மக்கல்லில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். பொங்கல், உப்புமா, கிச்சடி என்று ஐந்தாம் வகுப்பு வரை சூடாகப் போடுகிறார்கள். மதியம் சத்துணவு, முட்டை. காமராசர் காலத்து மதிய உணவில் வளர்ந்த அத்தைக்கு இதில் அவ்வளவு சந்தோஷம். "நம்ம காலத்துல மதியம் மட்டுந்தான், இப்ப காலையிலயும் போடுறாகளே" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்கிறார். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே அவன் பள்ளியில் இருக்க வேண்டும். பிள்ளைகளில் சின்னவன்தான் முதலில் கிளம்ப வேண்டியவன் என்றாகிறது.

மதியத்துக்கு மகளுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் கட்ட வேண்டும். அவசரக் காலைகளுக்காகப் பருப்புப் பொடி ஒரு டப்பா, புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி செய்து வைத்தேன். புளிக்காய்ச்சல் கெடாமல் இருப்பது பக்குவத்தில். கால் கிலோ பழைய புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் கூடினால் காய்ச்சுகிற நேரம்தான் கூடும். நல்லெண்ணெய் தாராளமாக, ஒரு டம்ளருக்குக் குறையாமல். கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள், உப்போடு புளிக்கரைசலை ஊற்றி, சின்னத் தீயில் விட வேண்டும். முதலில் தளதளவென்று கொதிக்கும், அப்புறம் கெட்டியாகித் தெறிக்கும், அதற்கும் அப்புறம்தான் ஓரத்தில் எண்ணெய் பிரியத் தொடங்கும். ஓரத்தில் பிரிந்தது போதாது. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் எண்ணெய் ஊறி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் வறுத்துப் பொடித்த வெந்தயம், தனியா, எள், ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டு இறக்கினேன். ஆறியபின் ஜாடியில் போட்டு, மேலே எண்ணெய் மிதக்கும்படி விட வேண்டும். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. நிலக்கடலையை இதில் சேர்ப்பதில்லை, ஊறிச் சவசவத்துவிடும். தனியாக வறுத்து வைத்து, கிளறுகிற அன்று போடுகிறேன்.

தூக்கத்தை மாற்றுவதுதான் நாள் பிடித்தது. லீவு முழுக்கப் பதினொரு மணிக்குப் படுத்துப் பழகிய பிள்ளையை ஒன்பது மணிக்குப் படு என்றால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கும். எழுப்புகிற நேரத்தை முதலில் முன்னால் கொண்டுவர வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் எழுப்பி, எழுந்ததும் மாடிக்குக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தோம். பகல் தூக்கம் கிடையாது. ராத்திரித் தூக்கம் தானாகப் பின்னாலேயே வந்தது. சின்னவன் வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும், மகளுக்கு எட்டு. செல்போன்கள் ராத்திரி கூடத்தில், எங்களுடையதும் சேர்த்து.

எல்லாம் ஆனபின் ஒத்திகை. திறப்புக்கு முந்தின வாரம், ஒரு வேலை நாளில், நிஜமாகவே சீருடை போட்டு, சாப்பாடு கட்டி, பையோடு வாசல் தாண்டுகிற வரை முழுக் காலையையும் ஓட்டிப் பார்த்தோம். மகள் ஒரு ரஃப் நோட்டில் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று எழுதினாள். குளியலறை நெரிசல் எதிர்பார்த்ததுதான். தலைக்குக் குளித்து, முடி காயாமல் இரட்டைச் சடை பின்ன அவளுக்கு ஆகிற நேரம்தான் எல்லாரையும் பின்னால் தள்ளியது. தலைக்குக் குளிப்பதை முந்தின சாயங்காலத்துக்கு மாற்றினோம். அயர்ன் செய்வதை ஞாயிற்றுக்கிழமைக்கு.

நோட்டைத் திரும்பப் பார்த்தபோது மகள் கவனித்தது வேறு. "அம்மா, அப்பத்தா ஆறே முக்காலுக்கு மாத்திரை போட்டாங்க. எட்டு மணிக்குத்தான் தட்டு வச்சிருக்கோம்." அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் கிளம்பட்டும் என்று உட்கார்ந்திருந்தார். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், அதுவும் அந்த வயதில். லீவு நாளில் அடுப்பு சும்மா இருக்கும், அவருக்கு நேரத்துக்குக் கிடைத்துவிடும். பள்ளி நாளில் இரண்டு அடுப்பிலும் டப்பாவுக்கான வேலை நடக்கிறது. ஒத்திகை பார்த்திருக்காவிட்டால் ஜூன் முழுக்க இது எங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

காலை வரிசையை அங்கேயே மாற்றி எழுதினோம். முதல் ஈடு இட்லி அத்தைக்கு, ஏழே காலுக்குத் தட்டில். அதைக் கொண்டுபோய் வைப்பது சின்னவன் பொறுப்பு, அவனுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை. ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, அப்பத்தா சாப்பிடத் தொடங்கியதும் அவன் ஷூ மாட்டுவான். காலை ஷிப்டு வாரத்தில் அவன் அப்பா ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார், அவனைப் பள்ளியில் விடுவது நான். மற்ற வாரம் அவர். மகள் தன் டப்பாவைத் தானே கட்டிக்கொள்வாள்.

பள்ளி திறந்து முதல் வாரத்திலேயே இரண்டு மாற்றம் தேவைப்பட்டது. சின்னவன் வகுப்பறை மாடியில் இருப்பதால் மதியம் கீழே வந்து பாட்டில் நிரப்ப மறக்கிறான்; சாப்பிடப் போகும்போதே கையோடு எடுத்துப் போகட்டும் என்று பாட்டிலுக்கு ஒரு வார் தைத்துக் கொடுத்தோம், மிச்சமிருந்த நைலான் நூலில். மகளுக்குக் கண்ணாடிக் கூடு வைக்கப் பையில் இடம் இல்லை, நசுங்குகிறது. பழைய சீருடைத் துணியில் பஞ்சு வைத்து ஓர் உறை தைத்து, முன் அறையின் உள்பக்கம் பொருத்தினாள்.

புத்தகம் வந்த அன்றே அட்டை போடும் வேலையும் முடிந்தது. புத்தகத்தை விரித்துக் காக்கித்தாள் மேல் வைத்து, பக்கவாட்டில் நான்கு விரல் விட்டு வெட்டி, முதுகு வருகிற இடத்தில் மேலும் கீழும் ஒரு முக்கோணம் கத்தரித்து உள்ளே மடக்க வேண்டும். பக்கவாட்டு மடிப்பை மட்டும் புத்தகத்தை மூடிய நிலையில் வைத்து அளந்து மடித்தால்தான் அட்டை இழுபடாது. பசையைத் தாளோடு தாள் ஒட்ட மட்டும் தடவுவோம், புத்தகத்தில் படக் கூடாது, அடுத்த வருடம் வேறு பிள்ளைக்கு உதவும். மூன்றாம் வகுப்புக்கு முப்பருவ முறை. 2012-13இல் வந்த ஏற்பாடு, ஒரு நேரத்தில் ஒரு பருவத்துப் புத்தகம் மட்டும் சுமந்தால் போதும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டாம் பருவப் புத்தகங்கள் வரும். அதற்கு வேண்டிய தாளை இப்போதே அதே அளவில் வெட்டி, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்தாயிற்று. அன்றைக்கே சைக்கிளின் பிரேக் கட்டையையும் ஒரு தடவை பார்ப்பதாக அப்பாவும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள்.